அத்தியாயம் 7: சுண்ணாம்பு தொடும் கை

உவரியில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் பனைதான். கப்பல் மாதா கோயிலுக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் வருகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்தால், குட்டத்துச் செம்மண் தேரி வரைக்கும் அந்த மரம் கூடவே வரும். தை பிறந்து பாளை விட்டதும் அரிவாளைத் தீட்டுகிறவர், ஆடி வரைக்கும் ஒரே மரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவைகூட ஏறி இறங்குவார். அந்த ஆறு மாதமும் அவர் கை விடாமல் தொடுகிற பொருள் மூன்று: மரம், அரிவாள், சுண்ணாம்பு. மரம் உரசினால் சிராய்ப்பு தெரியும். அரிவாள் பட்டால் ரத்தம் தெரியும். சுண்ணாம்பு பட்டால் அந்த நேரத்தில் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் அதற்கென்று ஓர் அத்தியாயம் எழுத வேண்டியிருக்கிறது.

பதநீர் இறக்கத் தொடங்குகிற புதியவருக்குச் சுண்ணாம்பு ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாளையின் நுனியைச் சீவியதும் சொட்டுகிற நீர் வெறும் இனிப்பு. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கிற நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதைப் புளிக்க வைத்துக் கள்ளாக்கிவிடும். கலயத்தின் உள்சுவரில் சுண்ணாம்பைத் தடவி வைத்தால் அவை அடங்கிக் கிடக்கும். விடியும்போது பதநீர் கிடைக்கும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. ஆகவே சுண்ணாம்பு தடவாத கலயம் மரத்தில் தொங்கினால் தொழிலே வழக்காகிப் போகும். உடன்குடிக் கருப்பட்டியின் பேரும் பெருமையும் இந்த வெள்ளைப் பூச்சிலிருந்துதான் தொடங்குகின்றன.

மேல்நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் இதே கவலை உண்டு. பாத்திரத்தில் வேண்டாத கிருமி புகுந்தால் காய்ச்சியது முழுக்கக் கெட்டுவிடும். அவர்கள் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த திரவத்தையோ அயோடின் சேர்ந்த திரவத்தையோ தண்ணீரில் கலந்து பாத்திரத்தை அலசுகிறார்கள். அந்த அமிலத் திரவம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை மில்லி அளவே போதும். கலந்த பிறகு கையில் பட்டாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. கலக்காத மூலத் திரவம் பட்டால்தான் ஆபத்து. அவர்கள் அமிலத்தின் பக்கம் போனார்கள், நாம் காரத்தின் பக்கம் வந்தோம். கலயத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தோலுக்கு ஒன்றல்ல. அவர்களுக்குக் கலந்ததும் அபாயம் குறைந்துவிடுகிறது. நமக்கோ கலந்த சுண்ணாம்புதான் நாள் முழுக்கக் கையில் இருக்கிறது.

வலிக்காமல் சுடுவது

கடுமையான அமிலம் தோலில் பட்டால் உடனே சுரீரென்று எரியும். கை தானாகப் பின்வாங்கும். பெரும்பாலான அமிலங்கள் தோலின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை உறைய வைத்துவிடும். அந்த உறைந்த படலமே ஓரளவுக்குத் தடுப்பாகி, அமிலம் உள்ளே இறங்குவதை மட்டுப்படுத்தும். காரம் அப்படி இல்லை. அது தோலின் கொழுப்பைக் கரைக்கும், புரதத்தை இளக்கும், இளகிய வழியிலேயே இன்னும் ஆழத்துக்குப் போகும்.

சுண்ணாம்பு விரலில் பட்டதும் வழுவழுவென்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும். அந்த வழுவழுப்பு உங்கள் தோலின் எண்ணெய்ப் பசையே சோப்பாக மாறுகிற வழுவழுப்பு. அது எரியாது. சிலருக்கு இதமாகக்கூட இருக்கும். இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்த மாதிரி.

எண்ணிக்கையில் சொன்னால், அமிலத்தையும் காரத்தையும் 0 முதல் 14 வரை அளக்கும் பி.எச். அளவில் நடுநிலை 7. நம் தோல் லேசான அமிலத் தன்மை உடையது, சுமார் 5. சுண்ணாம்புத் தண்ணீர் 12.4. ஒவ்வொரு எண் ஏறும்போதும் காரம் பத்து மடங்கு ஏறுகிற அளவு இது. இங்கே பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. சுண்ணாம்புப் பானையின் மேலே தெளிந்து நிற்கிற நீரைப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீர் போலத்தான் இருக்கும். சுண்ணாம்பு தண்ணீரில் கரைவது மிகக் கொஞ்சம். ஒரு லிட்டருக்கு இரண்டு கிராம்கூடக் கரையாது. அந்தக் கொஞ்சம் கரைந்ததுமே காரம் உச்சத்துக்குப் போய்விடும். ஆகவே தெளிவு நீரும் பால் போன்ற கலங்கல் நீரும் காரத்தில் ஒன்றுதான். தெளிந்ததுதானே என்று அதில் கையை அலசாதீர்கள்.

கட்டட வேலைக்காரர்களுக்கு இந்தச் சங்கதி தெரியும். ஈரச் சிமென்டில் காரமாக இருப்பதும் இதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். பூச்சு வேலையில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தவர் மாலை வரை ஒன்றும் உணராமல் வேலை பார்ப்பார். இரவில் எரியும். மறுநாள் காலையில் பார்த்தால் முழங்காலில் தோல் வெந்து வெளுத்திருக்கும். ஆழமான புண்ணாகித் தோல் வைத்து ஒட்டுகிற அளவுக்குப் போனவர்களும் உண்டு.

உவரிப் பக்கத்தில் நான் பழகிய ஓர் அண்ணாச்சி, மணிக்கட்டில் வழிந்த சுண்ணாம்பைத் துண்டால் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடந்தார். கழுவிவிட்டுப் போங்களேன் என்றேன். “எரியவே இல்லையே தம்பி, கழுவ என்ன அவசரம்? இன்னும் நாலு மரம் கெடக்கு” என்றார். அடுத்த நாள் அந்த மணிக்கட்டில் நாலணா அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. அவர் அனுபவம் குறைந்தவர் அல்ல. என் வயதைவிட அவர் மரம் ஏறிய ஆண்டுகள் அதிகம். அவர் வலியை நம்பினார். இந்தப் பொருளிடம் வலியை நம்பக்கூடாது. சுண்ணாம்பு பட்டால் எரிகிறதா என்று பார்க்காதீர்கள். பட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று பாருங்கள்.

நீற்றுகிற நாள்

பருவத்திலேயே மிக ஆபத்தான நாள் மரத்தில் ஏறுகிற நாளல்ல, வீட்டு முற்றத்தில் சுண்ணாம்பு நீற்றுகிற நாள். கடற்கரை ஊர்களில் சிப்பியையும் கிளிஞ்சலையும் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பைத்தான் பதநீருக்கு நல்லது என்பார்கள். சூளையிலிருந்து வருவது நீறாத சுண்ணாம்பு. அது தண்ணீரைக் கண்டதும் கொதிக்கும். நன்றாக வெந்த ஒரு கிலோ சுண்ணாம்பு நீறும்போது வெளிவருகிற வெப்பம், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அடுப்பு இல்லாமல் கொதிக்கிறதே என்று பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து நிற்பார்கள். அன்றைக்கு அவர்களை முற்றத்திலேயே விடக்கூடாது.

தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பைக் குவித்து அதன்மேல் தண்ணீரைக் கொட்டினால், மேலே பட்ட கொஞ்சத் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, சூடான சுண்ணாம்பை முகத்துக்கு நேரே தெறிக்க வைக்கும். பாத்திரம் மண்பானையாகவோ இரும்பாகவோ சிமென்டுத் தொட்டியாகவோ இருக்கட்டும். பிளாஸ்டிக் வாளி இளகி உடையும். அலுமினியப் பாத்திரம் அதைவிட மோசம்: காரம் அலுமினியத்தையே தின்னும், தீப்பற்றக்கூடிய வாயுவும் கிளம்பும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நீளமான கம்பால் கிண்டுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். உவரியில் கடற்காற்று சும்மா இருக்காது. சுண்ணாம்புக் கட்டியை உடைக்கும்போது பறக்கிற தூள் வியர்வையில் ஒட்டி, ஒட்டிய இடத்திலேயே நீறத் தொடங்கும். கழுத்து மடிப்பு, அக்குள், இடுப்பில் வேட்டி இறுகுகிற இடம் ஆகியவற்றில்தான் தூள் தங்கும்.

இந்த ஒரு நாளைக்குக் கண்ணாடி கட்டாயம். வெல்டிங் பட்டறைக்குப் பொருள் விற்கிற கடையில், பக்கவாட்டிலும் மூடியிருக்கிற தெளிவான பிளாஸ்டிக் கண்ணாடி கிடைக்கும். வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி போதாது. கைக்குக் கனமான ரப்பர் உறையோ நைட்ரைல் உறையோ, மணிக்கட்டைத் தாண்டி முன்கையில் பாதி வரை வருகிறதாக வாங்குங்கள். மருத்துவமனையில் போடுகிற மெல்லிய உறை வேண்டாம். சிப்பித் துணுக்கு பட்டுக் கிழியும், கிழிந்ததே தெரியாது. காலில் மூடிய செருப்பு. வெறுங்காலோடு நீற்றுகிற பழக்கத்தை, சர்க்கரை நோய் உள்ளவர்கள் அடியோடு விட வேண்டும். அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வலிக்காமல் சுடுகிற பொருளும் வலி தெரியாத காலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

உறையைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. உறைக்குள் சுண்ணாம்பு நீர் புகுந்துவிட்டால், அந்த உறை போடாமல் இருப்பதைவிடக் கெடுதல். கை முழுக்கக் காரத்தில் ஊறிக்கிடக்கும், காயவும் வழியில்லை. உள்ளே ஈரம் தட்டினால் அப்போதே கழற்றி, கையையும் உறையின் உட்புறத்தையும் கழுவுங்கள். உறையின் மேல் விளிம்பை இரண்டு விரல் அகலத்துக்கு வெளிப்புறமாக மடித்து விட்டால், கையைத் தூக்கும்போது வழிகிற நீர் அந்த மடிப்பில் தங்கும்.

மரத்தின் மேல்

பாதுகாப்புப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் உறை போடு என்று எழுதியிருக்கும். மரத்தின் உச்சியில் இருக்கிற பனையேறிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அங்கே அவர் உயிர் கைப்பிடியில் இருக்கிறது. வழுக்குகிற உறையோடு மட்டையைப் பற்றுவது, சுண்ணாம்புப் புண்ணைவிடப் பல மடங்கு ஆபத்து. மேலே கையைக் காக்க வேண்டியது உறையல்ல, தடவுகிற கருவி.

விரலால் வழித்துத் தடவுவதை விட்டுவிடுங்கள். பனை நாரையோ தென்னை நாரையோ கட்டி, ஒரு சாண் நீளக் காம்பு வைத்த தூரிகை போதும். கலயத்தின் அடி வரைக்கும் எட்டும், விரல் சுண்ணாம்பில் படாது. இன்னும் நல்ல வழி, கலயத்துக்குத் தரையிலேயே சுண்ணாம்பு தடவி எடுத்துப் போய், மேலே கலயத்தை மாற்றி மட்டும் கட்டுவது. கூடுதலாகக் கலயம் வேண்டும், சுமையும் கூடும். முப்பது மரம் ஏறுகிறவருக்கு இது கட்டுப்படியாகாது என்பது எனக்குத் தெரியும். ஐந்தாறு மரம் மட்டும் ஏறுகிறவர் செய்யலாம்.

சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைக்காமல் தயிர்ப் பதத்தில் வையுங்கள். தண்ணீராக இருந்தால் வழியும். தலைக்கு மேலே கையைத் தூக்கி வேலை செய்கிறவருக்கு அது மணிக்கட்டிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து அக்குள் என்று இறங்கும். மரத்தில் உரசி உரசி முன்கையின் உட்புறமும் மார்பும் தொடையும் ஏற்கெனவே சிராய்த்துக் கிடக்கும். சிராய்த்த தோலில் மேல்தடுப்பு இல்லை. நல்ல தோலில் ஒரு மணி நேரத்தில் ஆகிற கேடு அங்கே சீக்கிரமே ஆகிவிடும். சட்டை நனைந்தால் காயட்டும் என்று விடாதீர்கள். சுண்ணாம்பில் நனைந்த துணி தோலோடு ஒட்டிக்கிடப்பது, பற்றுப் போட்டு வைத்த மாதிரி. இறங்கியதும் கழற்றுங்கள்.

ஏறுமுன் விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் மணிக்கட்டு மடிப்பிலும் வாசலினை மிக மெல்லியதாகத் தேய்க்கலாம், உள்ளங்கையை விட்டுவிட்டு. உள்ளங்கையில் தேய்த்தால் பிடி வழுக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. காரம் அதைச் சோப்பாக்கிவிடும் என்பதால் அது நெடுநேரம் நிற்காது. வாசலின் அப்படி மாறாது. எதுவானாலும் அது துணைதான். தண்ணீருக்குப் பதில் அல்ல.

தண்ணீர்தான் மருந்து. கலயம் கட்டுகிற இடுப்புக் கயிற்றில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று தொங்கட்டும். கண்ணில் ஒரு துளி தெறித்தால், முப்பது நாற்பது அடி இறங்கி வருகிற நேரம் கண்ணுக்கு மிக நீண்ட நேரம். மேலேயே, ஒரு கையால் மட்டையைப் பற்றிக்கொண்டு, அந்தப் பாட்டிலைக் கண்ணில் ஊற்றிவிட்டுப் பிறகு இறங்க வேண்டும்.

மஞ்சள் துணி

கை சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எரிச்சலை நம்பக்கூடாது என்றோம். வழுவழுப்பு போகிற வரை கழுவலாம், ஆனால் காய்ப்புக் காய்ந்த கைக்கு வழுவழுப்பும் சரியாகத் தெரியாது. ஆய்வகங்களில் இதற்கென்று தாள் இருக்கிறது. நம் வீட்டில் அதைவிட எளிதான ஒன்று இருக்கிறது.

ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கரைத்த நீரில் துளி சுண்ணாம்பு போட்டதும் நீர் ரத்தச் சிவப்பாகிறது. குங்குமம் செய்வதும் இதே வழியில்தான். மஞ்சளின் நிறம் காரத்தைக் கண்டால் சிவக்கும், காரம் இல்லாவிட்டால் மஞ்சளாகவே இருக்கும். பழைய வெள்ளை வேட்டித் துண்டைக் கெட்டியான மஞ்சள் நீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, விரல் அகலத்துக்குக் கிழித்து ஒரு மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள். வெயிலில் காயப் போடாதீர்கள், நிறம் வெளுத்துவிடும்.

கையை நல்ல தண்ணீரில் கழுவியதும், ஈரம் இருக்கும்போதே ஒரு துண்டை எடுத்து விரலிடுக்கிலும் நகத்தடியிலும் மணிக்கட்டு மடிப்பிலும் ஒற்றுங்கள். துணி சிவந்தால் சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது. மறுபடி கழுவுங்கள். மஞ்சளாகவே இருந்தால் போதும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: சோப்புக்கும் காரம் உண்டு, அதற்கும் துணி சிவக்கும். ஆகவே இந்தச் சோதனையைச் சோப்புப் போடுமுன் செய்ய வேண்டும். உறையின் உட்புறம், தூரிகையின் காம்பு, பாட்டிலின் வெளிப்புறம், பிள்ளைகள் தொடுகிற திண்ணை என்று எல்லாவற்றையும் இந்தத் துணியால் ஒற்றிப் பார்க்கலாம். முதல் நாள் செய்கிறவர்களுக்கு எத்தனை இடங்களில் சிவப்பு வருகிறது என்பது திகைப்பாகவே இருக்கும்.

கழுவுகிற முறையிலும் கொஞ்சம் கவனம் தேவை. தேரி மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். சுண்ணாம்பு போகும், மேல்தோலும் சேர்ந்து போகும். துணி சோப்பு வேண்டாம்; அது காரத்தின்மேல் இன்னொரு காரம். ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசி, மஞ்சள் துணி மாறாமல் நின்ற பிறகு, குளிக்கிற சோப்பைக் கொஞ்சம் போட்டுக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய்க்கு உரிய நேரம் இதுதான். நாள் முடிவில் கை வெளுத்துச் சொரசொரப்பாக இருந்தால், காயம் இல்லாத கைக்கு மட்டும், தெளிந்த புளித்தண்ணீரிலோ நீர்மோரிலோ ஒருமுறை அலசலாம். தோல் இழந்த லேசான அமிலத் தன்மை திரும்பும், ஒட்டியிருக்கிற வெள்ளைப் படிவும் கரையும். எலுமிச்சையைத் தேய்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கரும்படையும் வரும். பனையேறியின் தொழில் முழுக்க வெயிலில்தான்.

விடிலியில்

இந்தத் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் மரத்தின்மேல் இருப்பவரையே பார்க்கிறார்கள். சுண்ணாம்பு அதிக நேரம் படுவது கீழே இருக்கிற பெண்ணின் கையில். கலயங்களைக் கழுவுவது, அடியில் தங்கிய சுண்ணாம்பைச் சுரண்டுவது, பதநீரைத் துணியில் வடிகட்டிப் பிழிவது, பிறகு காய்ச்சும் குடிசையான விடிலியின் அனலில் மணிக்கணக்காக நின்று காய்ச்சிக் கிண்டுவது எல்லாம் அவர்கள் பாடு. ஈரமும் காரமும் சூடும் மாறி மாறிப் படுகிற கையில் ஒரே நாளில் புண் வராது. விரல் நுனி முதலில் வழுவழுப்பாகத் தேயும், ரேகை மங்கும், பிறகு வெடிக்கும். அந்த வெடிப்பில் சுண்ணாம்பு இறங்கும். பங்குனி சித்திரையில் சோற்றில் கை வைக்க முடியவில்லை என்று சொல்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதை நோய் என்று எண்ணுவதில்லை, தொழிலின் குணம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. தவிர்க்கக்கூடியது.

இங்கே உறை கட்டாயம். கீழே நிற்கிறவருக்குக் கைப்பிடி வழுக்குமே என்ற சிக்கல் இல்லை. கலயம் கழுவ ஒரு சோடி, வடிகட்டத் தனியாக ஒரு சோடி. உள்ளே வியர்க்கும், உண்மைதான். அரை மணிக்கு ஒருமுறை கழற்றிக் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். அடுப்பருகே போகும்போது ரப்பர் உறையோடு போகாதீர்கள், கொதிக்கும் பாகு தெறித்தால் உருகி ஒட்டும். கலயத்தின் அடியை நகத்தால் சுரண்டாமல் பனை மட்டைத் துண்டால் சுரண்டுங்கள். கழுவுகிற இடத்தில் தரை எப்போதும் வெள்ளையாக நனைந்து கிடக்கும். ரப்பர் செருப்பில்லாமல் அங்கே நிற்க வேண்டாம். மோதிரம், வளையலின் அடியில் சுண்ணாம்பு தங்கும். கழற்ற முடிந்ததைக் கழற்றி வையுங்கள். வெடிப்பு ஆறாமல் இரண்டு வாரம் நீடித்தாலோ, சீழ் வைத்தாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

இப்போது பிளாஸ்டிக் கேன்களில் பதநீர் ஏற்றுகிறவர்கள் கேனைக் கழுவப் பிளீச்சிங் பவுடரும், பதநீர் காய்ச்சுகிற தாச்சியில் ஒட்டிய கரியை எடுக்கக் காஸ்டிக் சோடாவும் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். காஸ்டிக் சோடா சுண்ணாம்பைவிடக் கடுமையானது; மேலே சொன்ன எல்லாம் அதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை கழுவுகிற ஆசிடை ஒருபோதும் கலக்காதீர்கள். வருவது குளோரின் வாயு, மூச்சைப் பிடிக்கும்.

பட்டுவிட்டால்

காய்ந்த தூளாகப் பட்டிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். நீறாத தூள்மேல் கொஞ்சம் தண்ணீர் பட்டால் அங்கேயே கொதிக்கும். தட்டியபின் தண்ணீர், அதுவும் தாராளமாக. ஒரு செம்பு போதாது. குறைந்தது இருபது நிமிடம், தோல் வெளுத்திருந்தால் அதற்கும் மேல். நல்ல தண்ணீர் அரிதான ஊர் இது. கைக்கும் காலுக்கும் வேறு வழியில்லாவிட்டால் கடல்நீரில் தொடங்குங்கள், பிறகு நல்ல தண்ணீருக்கு மாறலாம். நனைந்த துணியைக் கழற்றியபடியே கழுவுங்கள். புளியோ வினிகரோ ஊற்றி முறிக்கலாம் என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பற்பசை, மை, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

தீப்புண்ணுக்குச் சுண்ணாம்புத் தெளிவு நீரையும் தேங்காய் எண்ணெயையும் அடித்துக் குழைத்துப் போடுவது நம் பாட்டிகளின் வைத்தியம். ஐரோப்பாவிலும் ஆளி விதை எண்ணெயோடு சுண்ணாம்பு நீரைக் கலந்து அதே மாதிரி ஒரு மருந்து ஒரு காலத்தில் இருந்தது. அந்த நினைவில் சுண்ணாம்புப் புண்ணுக்கும் அதையே போட்டுவிடக்கூடாது. கேட்டைச் செய்த பொருளையே மறுபடி பூசுவதாகிவிடும்.

தோல் வெள்ளையாகவோ பழுப்பாகவோ தோல்பட்டை போல விறைத்திருந்தால், தொட்டால் உணர்ச்சி இல்லாவிட்டால், மூட்டு, முகம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டிருந்தால், வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழையுங்கள்.

கண்ணுக்குத் தனி விதி. இந்தியாவில் குழந்தைகளுக்கு ஏற்படுகிற ரசாயனக் கண் காயங்களில் வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பொட்டலத்தை அழுத்தினால் பீய்ச்சும், அவ்வளவுதான். கண்ணில் பட்டதும் தலையைப் பட்ட கண்ணின் பக்கம் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்து, ஒருவர் தண்ணீரை விடாமல் ஊற்ற வேண்டும், அரை மணி நேரம். சுண்ணாம்புத் துணுக்கு மேல் இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கரைந்துகொண்டே இருக்கும். இமையைப் புரட்டி, நனைந்த சுத்தமான துணி நுனியால் மெதுவாக எடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், நந்தியாவட்டைச் சாறு எதையும் விடாதீர்கள். கழுவாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள். உவரியிலிருந்து திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கண்ணுக்கு ஆக வேண்டியது ஆகிவிடும். முதலில் வீட்டு முற்றத்தில் கழுவுங்கள், பிறகு கிளம்புங்கள், வழியிலும் ஊற்றிக்கொண்டே போங்கள். எரிச்சல் நின்றுவிட்டது என்று திரும்பி வந்துவிடவும் கூடாது.

இந்தத் தை பிறக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஏறுகிற மரங்களுக்கு நடுவே நிழலாக ஓர் இடம் பார்த்து, ஒரு குடம் நல்ல தண்ணீர் மூடி வையுங்கள், பக்கத்தில் ஒரு செம்பும் மஞ்சள் துணி டப்பாவும். அந்தக் குடத்தைக் குடிக்கத் தொடக்கூடாது என்று வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். தினமும் மாலையில் அது நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிற பொறுப்பையும் அவர்களிடமே கொடுங்கள்.